பழைய டிராக்டரில் லிஃப்ட் பக்கம் ஆயில் ஒழுகுது: ஆர்ம் சீல் மட்டும் மாத்தினா நிக்குமா?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். 40 குதிரைத்திறன் வண்டி, 30 வருஷத்துக்கு மேல ஓடினது. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், லிஃப்ட் மூணுக்கும் ஒரே ஆயில், மொத்தம் 35 லிட்டர். பம்ப் வெளியே எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற கியர் பம்ப். டைமிங் கியர்தான் அதைச் சுத்துது. பின்னாலிருந்து தடிமனா ஒரு சக்‌ஷன் பைப் பம்புக்கு வருது, பம்பிலிருந்து மெல்லிய பிரஷர் பைப் லிஃப்டுக்குப் போகுது.

வலது லிஃப்ட் ஆர்ம் ஷாஃப்டில் ஏறுற இடம் எப்பவும் ஈரமா இருக்கு. அங்கிருந்து ஆக்ஸில் ஹவுசிங் மேல வழிஞ்சு டிராபார்ல சொட்டுது. டிப்பர் டிரெய்லர் ஹோஸ் மாட்டற கப்ளிங் பக்கமும் மண்ணும் ஆயிலுமா அப்பிக்கிடக்கு. வாரத்துக்கு 25 மணி நேரம் ஓட்டம்; ஒன்றரை லிட்டர் ஊத்த வேண்டியிருக்கு. லிஃப்ட் தூக்குது. ஆனா கல்டிவேட்டரைத் தூக்கி நிறுத்தி வெச்சா சில நொடிக்கு ஒரு தடவை சின்னதா குதிக்குது.

ஆர்ம் சீல் மாத்த லிஃப்ட் மூடியையே இறக்கணுமா? குதிப்புக்கும் ஒழுகலுக்கும் தொடர்பு உண்டா? எந்த ஆயில் ஊத்தறது? இதுவரைக்கும் இருந்தது என்னன்னு தெரியலை, கெட்டியா இருக்கு.

பழைய ஸ்பேனர் பதில்:

சீல் வாங்கறதுக்கு முன்னாடி கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தா 1 மி.லி. நீங்க சொன்ன ஒன்றரை லிட்டரை 25 மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு 60 மி.லி. அதாவது வண்டி ஓடற நேரம் பூரா 3 நொடிக்கு ஒரு சொட்டு. ஆர்ம் வேர்ல அவ்வளவு ஒழுகினா ஈரம்னு சொல்ல மாட்டீங்க, கீழே குட்டையே கட்டியிருக்கும். வெறும் கசிவா இருந்தா மிச்ச ஆயில் வேற எங்கேயோ போகுது.

போகக்கூடிய இடங்கள்ல முதல்ல எஞ்சின் சம்ப். டைமிங் கியர் சுத்தற பம்ப்ல ஷாஃப்ட் சீல் போச்சுன்னா ஹைட்ராலிக் ஆயில் சத்தமில்லாம எஞ்சினுக்குள்ள இறங்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. எஞ்சின் டிப்ஸ்டிக்கைப் பாருங்க, அளவு ஏறியிருந்தா ஆள் அகப்பட்டான். அப்படியே ஓட்டாதீங்க, எஞ்சின் ஆயிலும் கெட்டுப்போகும். அடுத்தது கிளட்ச் ஹவுசிங் அடியில் இருக்கிற துளை. அதுல ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அங்கே சொட்டினா கியர்பாக்ஸ் முன்பக்க சீலோ எஞ்சின் பின்பக்க சீலோ, ரெண்டுல ஒண்ணு. பின்சக்கர டிரம்மையும் பாருங்க. ஒரு பக்கம் பிரேக் பிடிக்காம வழுக்கினா அந்தப் பக்க ஆக்ஸில் சீல் வழியா ஆயில் உள்ளே போகுதுன்னு அர்த்தம்.

இதெல்லாத்தையும் விட முக்கியமானது பிரீதர், அதாவது ஹவுசிங்குக்குள்ள காத்து போய்வர்ற துளை. லிஃப்ட் மூடி மேலயோ ஆயில் ஊத்தற மூடியிலேயோ சின்னக் குமிழ் மாதிரி இருக்கும். மண்ணும் கிரீஸும் அடைச்சு யாரும் கண்டுக்காம கிடக்கும். ஆயில் 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறினா உள்ளே இருக்கிற காத்து 17 சதவீதம் விரியப் பார்க்கும், ஆயிலும் ஒரு லிட்டருக்கு மேல உப்பும். வெளியேற வழி இல்லைன்னா உள்ளே கால் பார் அளவுக்கு அழுத்தம் சேர்ந்துடும். சாதாரண ஆயில் சீல் தாங்கற எல்லையே அதைச் சுத்தித்தான். டிப்பர் இன்னும் மோசம். டிரெய்லர் இறங்கும்போது பல லிட்டர் ஆயில் ஒரே மூச்சுல ஹவுசிங்குக்குத் திரும்பும், அதே அளவு காத்து வெளியே போயாகணும். போக முடியாதப்ப பலவீனமான சீலைத் தள்ளிக்கிட்டுப் போகும். அதனால பிரீதரைக் கழட்டி டீசல்ல கழுவி வாயால ஊதிப் பாருங்க. காத்து தடையில்லாம போகணும்.

அப்புறம் கழுவுங்க. மண்ணைக் கரண்டியால சுரண்டி, டீசலும் பிரஷ்ஷும் வெச்சுத் தேய்ச்சு, சோப்புத் தண்ணி விட்டு, துணியால துடைச்சு நல்லா காய விடுங்க. பிரஷர் வாஷரைப் பிரீதர், சீல் உதடு (ஷாஃப்டைத் தொடற ரப்பர் விளிம்பு), டிப்ஸ்டிக் பக்கம் காட்டக் கூடாது. தண்ணி உள்ளே போயிடும். காய்ஞ்ச இடத்துல முகப் பவுடரைத் தூவுங்க. எஞ்சினை 1500 சுத்துல வெச்சு, கருவியை மாட்டி, கால் மணி நேரம் லிஃப்டை ஏத்தி இறக்குங்க. பவுடர்ல கோடு கிழிச்ச மாதிரி ஈரம் தெரியும். ஆயில் கீழே வழியும், ஓட்டத்துல பின்னாடியும் பறக்கும். அதனால ஈரத்தோட மேல் நுனியும் முன் நுனியும் எங்கே ஆரம்பிக்குதோ அதுதான் இடம். சொட்டு விழற இடத்தை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

ஹோஸையோ பைப்பையோ பிரஷர் இருக்கும்போது கையால தடவிப் பார்க்கவே கூடாது. 150 பார் அழுத்தத்துல ஊசித் துளை வழியா வர்ற ஆயில் தோலைக் குத்தி உள்ளே போயிடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதல்ல பெருசா இருக்காது. சில மணி நேரத்துல விரலையே எடுக்கிற நிலை வந்துடும். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்க. குத்திட்டதுன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே போனது ஹைட்ராலிக் ஆயில்னு சொல்லுங்க.

மேழி பதில்:

ஆர்ம் சீலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெளிப்பக்கச் சீலை மாற்ற லிஃப்ட் மூடியை இறக்கத் தேவையில்லை. ஆனால் சீலோடு புஷ்ஷும் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருந்தால் இறக்கியே ஆக வேண்டும். அதனால் முதலில் ஆட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஆர்மில் எடை எதுவும் இல்லாதபோது அதன் அடியில் கடப்பாரை கொடுத்து மேலே நெம்புங்கள். ஷாஃப்ட் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. அது இல்லையென்றால் ஷாஃப்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்கலாம். 0.2 மி.மீ. வரை பரவாயில்லை. 0.5 மி.மீ. என்றால் எந்தச் சீலாலும் ஷாஃப்டைப் பின்தொடர முடியாது. ஒவ்வொரு முறை எடை ஏறும்போதும் ஷாஃப்ட் ஒரு பக்கம் ஒதுங்கும், எதிர்ப்பக்கம் உதடு விலகும். புதுச் சீல் சில நாளில் மறுபடி கசியும். பழி மட்டும் சீலின் மேல் விழும்.

ஆட்டம் குறைவாக இருந்தால் வேலை இப்படி:

கருவியைக் கழற்றி ஆர்ம்களை முழுவதும் இறக்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா லீவர்களையும் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளினால் மிச்ச அழுத்தம் போய்விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். லிஃப்ட் ராடின் மேல் பின்னை எடுத்துவிட்டால் ஆர்ம் தனியாகிவிடும்.

ஆர்முக்கும் ஷாஃப்ட் முனைக்கும் குறுக்கே சென்டர் பஞ்சால் அடையாளம் வையுங்கள். இதை விட்டுவிட்டு ஸ்பிளைனில் (ஷாஃப்ட் முனையில் வெட்டிய பற்கள்) ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டு ஆர்மும் ஏறுமாறாக நிற்கும், கருவி சாய்ந்தே தூக்கும். முனை போல்ட், பூட்டுத் தகடு, வாஷர் மூன்றையும் எடுத்தபின் ஆர்மை இருகால் புல்லரால் இழுங்கள். துரு பிடித்திருந்தால் முதல்நாள் இரவே துரு நீக்கி ஆயிலை விட்டு ஊற வையுங்கள். ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடிக்க வேண்டாம். உள்ளே ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கிராங்கும் அதன் பூட்டுத் திருகும் அந்த அடியைத் தாங்காது. எதிர்ப்பக்க ஆர்ம் அப்படியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஷாஃப்ட் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

சீலின் இரும்பு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளை. டிரில் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு திருகாணி முறுக்கி, பிளையரால் மாற்றி மாற்றி இழுத்தால் சீல் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை ஷாஃப்டின் மேல் வைத்து நெம்பினால் விழும் ஒரு கீறல், பிறகு எந்தச் சீல் போட்டாலும் கசிவதற்குப் போதும்.

ஷாஃப்டைத் துடைத்து, உதடு உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் இடறாவிட்டால் 400 நம்பர் எமரியை ஆயிலில் நனைத்து, சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வாய்க்கால் ஆகிவிடும். நகம் இடறினால் இரண்டு வழி உண்டு. ஹவுசிங்கில் இடமிருந்தால் புதுச் சீலை 2 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்கார வைத்து, உதட்டைத் தேயாத இடத்துக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிப்பேர் ஸ்லீவை ஷாஃப்டின் மேல் ஏற்றலாம். அதற்கும் பழைய அளவுச் சீலே பொருந்தும்.

சீல் அளவு அதன் முகத்திலேயே இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். உதாரணமாக 50, 68, 10 என்று. அழிந்திருந்தால் ஷாஃப்டையும் ஹவுசிங் துளையையும் வெர்னியரில் அளக்க வேண்டும். பழைய சீலின் உதட்டை அளப்பது வீண், அது தேய்ந்து விரிந்திருக்கும். புழுதியில் உழைக்கிற வண்டிக்கு வெளியே ஒரு தூசி உதடும் உள்ள இரட்டை உதட்டுச் சீல்தான் சரி.

ஏற்றும்போது ஸ்பிளைனின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், பல் உதட்டை அறுக்காது. ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே. சீலின் வெளிவிட்டத்தைவிட 1 மி.மீ. குறைந்த குழாய்த்துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு ஓரத்தில் தட்டினால் சீல் சாயும்.

கடைசியாக முனை போல்ட்டை இறுக்கும் அளவு. பூட்டுத் தகடு உள்ள வண்டிகளில் ஆர்ம் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும், பக்கவாட்டில் கடகடவென்று ஆடவும் கூடாது. உங்கள் மாடலுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

சில வண்டிகளில் ஆயில் சீலுக்குப் பதில் ஓ ரிங்தான் இருக்கும். அதற்கு 70 ஷோர் கடினமுள்ள நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள். பிரேக் சிலிண்டருக்கு வரும் ரப்பர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மினரல் ஆயிலில் ஊறினால் உப்பிப் பிதுங்கிவிடும்.

நுகத்தடி22 பதில்:

மேழி சொன்னதில் மாத்த ஒண்ணுமில்லை. நான் கப்ளிங், பைப் பக்கம் வரேன். டிப்பர் ஓட்டற வண்டியில பாதி ஒழுகல் அங்கேதான்.

கப்ளிங்கோட பெண் பக்கத்துக்குள்ள ஒரு ஓ ரிங், அதை ஒட்டி வெள்ளையா ஒரு டெஃப்லான் பேக்கப் வளையம் இருக்கும். ஹோஸ் மாட்டியிருக்கும்போது மட்டும் ஒழுகினா இந்த ஓ ரிங்தான். ஹோஸ் இல்லாம சும்மா நிக்கும்போதே ஒழுகினா உள்ளே இருக்கிற பாப்பெட்ல (ஸ்பிரிங் தள்ளி மூடற அடைப்பு) மண் சிக்கியிருக்கு, இல்லை லீவர் நகர்த்தற வால்வுத் தண்டான ஸ்பூல் நடுநிலையிலேயே ஆயிலை விடுது. ஓ ரிங் மாத்தறப்ப வரிசை முக்கியம். அழுத்தம் வர்ற பக்கம் ஓ ரிங், அதுக்குப் பின்னாடி பேக்கப். திருப்பிப் போட்டா முதல் டிப்பர் தூக்கலிலேயே ஓ ரிங் இடுக்குல பிதுங்கி அறுந்துடும். மாட்டாத நேரத்துல மூடி போட்டு வைங்க. மூடி இல்லாத கப்ளிங்லதான் மண்ணெல்லாம் உள்ளே போய் ஸ்பூலையும் கீறும்.

ஸ்பூல் வால்வு ரெண்டு முனையிலயும் சின்ன ஓ ரிங் உண்டு, லீவர் பக்கம் ஈரமா இருந்தா அதுதான். ஸ்பூலை உருவி மாத்திட்டு, உருவின அதே துளையில அதே பக்கமா திருப்பிப் போடணும். அது சில மைக்ரான் இடைவெளியில ஜோடி சேர்த்துத் தேய்ச்ச பொருள். ரெண்டு ஸ்பூலை இடம் மாத்திட்டா வால்வு போச்சு. எமரி போட்டுத் தேய்க்கவும் கூடாது.

பேஞ்சோ போல்ட் (நடுவுல ஆயில் போற துளை உள்ளது) இருக்கிற பைப்ல ரெண்டு செம்பு வாஷர் வரும், தலைக்குக் கீழ ஒண்ணு, பைப் கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. ஒரு தடவை இறுகின செம்பு கடினமாகிடும், அதுக்கப்புறம் படியாது. புதுசு கிடைக்கலைன்னா சிவக்கற வரைக்கும் சுட்டு ஆற விட்டு, கரியைத் துடைச்சுப் போட்டா மறுபடி மெத்துனு ஆகிடும். ரப்பர் ஒட்டின பாண்டட் வாஷர் பொருந்தினா அது இன்னும் நல்லது.

டெஃப்லான் டேப் பத்தி ஒண்ணு. கூம்பா குறையற மரையில மட்டும்தான் அது வேலை செய்யும். நேர் மரைக்கு வாஷரோ ஓ ரிங்கோதான் சீல். கூம்பு முகம் வெச்ச ஃபிட்டிங்குக்கு அந்த முகமேதான் சீல். அங்கெல்லாம் டேப் சுத்தினா கசிவு நிக்காது. பிய்ஞ்ச துண்டு ஓடிப்போய் கண்ட்ரோல் வால்வுல உட்கார்ந்துக்கும், அப்புறம் லிஃப்ட் இறங்காது. முகத்தோட கோணமும் பாருங்க. 37 டிகிரியும் 30 டிகிரியும் கையால முறுக்கினா பொருந்தற மாதிரியே இருக்கும். ஒரு கோட்டுல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும்.

ஹோஸ் கிரிம்ப் பக்கம் கசிஞ்சா கிளாம்ப் போட்டு ஒட்டுப் போடாதீங்க, ஹோஸையே மாத்துங்க. அரை இஞ்சுல ஒரு கம்பி வலை ஹோஸ் 160 பார், ரெண்டு கம்பி வலை 275 பார் வேலை அழுத்தத்துக்கு. உங்க ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறாம ஆயிலைத் திருப்பி விடறது) 150 பாரைத் தாண்டினா ரெண்டு வலையே போடுங்க. அதை 18 செ.மீ. ஆரத்துக்குக் கீழ வளைக்கக் கூடாது. அழுத்தம் ஏறினா ஹோஸ் நீளம் 4 சதவீதம் வரைக்கும் சுருங்கும், அதனால விறைப்பா இழுத்து மாட்டாம கொஞ்சம் தொய்வு விடுங்க. மேலே ஓடற எழுத்துக்கோடு முறுக்காம நேரா இருந்தா சரியா மாட்டியிருக்கீங்க.

வரப்போரம்:

ரொம்ப நன்றி. சொன்னபடி பார்த்தேன்.

பிரீதர் முழுக்க அடைச்சிருந்தது, ஊதினா துளியும் போகலை. கழுவிப் போட்டதும் இடது ஆர்ம் பக்கம் இருந்த லேசான ஈரம் நின்னுடுச்சு. பவுடர் போட்டு ஓட்டினதுல வலது ஆர்ம் இன்னும் கசியுது. கப்ளிங் ஓ ரிங் நசுங்கித் தட்டையா இருந்தது, மாத்திட்டேன், இப்ப காய்ஞ்சு கிடக்கு. எஞ்சின் ஆயில் அளவு ஏறலை. கிளட்ச் ஹவுசிங் துளையும் காய்ஞ்சுதான் இருக்கு. வலது பக்கம் ஷாஃப்ட் 0.6 மி.மீ. எழும்புது, இடது 0.15.

இன்னொண்ணு. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு டிப்ஸ்டிக்கை எடுத்தா நுரை அப்பியிருக்கு. பால் மாதிரி வெளுப்பா இருக்கு, காலையில பார்த்தா தெளிஞ்சிருக்கு. பம்ப் கிட்டே ஒரு ஊளைச் சத்தம். குதிப்பு 3 நொடிக்கு ஒரு தடவை.

பழைய ஸ்பேனர்:

காலையில தெளியுதுன்னா அது தண்ணி இல்லை, காத்து. சந்தேகம் இருந்தா ஒரு சொட்டு ஆயிலைச் சூடான இரும்புத் தகட்டுல விடுங்க. தண்ணி இருந்தா படபடன்னு வெடிக்கும், இல்லைன்னா சும்மா புகையும். நுரையோட ஊளையும் சேர்ந்தா சக்‌ஷன் பக்கம் காத்து இழுக்குது. அங்கே ஆயில் வெளியே ஒழுகாது, ஏன்னா ஓடும்போது உள்ளே வெளியை விடக் குறைஞ்ச அழுத்தம். வண்டி நின்ன பிறகு வேணா லேசா ஈரம் காட்டும். இப்படிக் காத்து கலந்த ஆயில் பருத்து பிரீதர் வழியாவும் தள்ளும். உங்க ஒன்றரை லிட்டர்ல மிச்சம் இப்படியும் போயிருக்கலாம். பிரீதர் அடைச்சிருந்தவரைக்கும் அது சீல் வழியா வந்திருக்கும்.

எஞ்சின் ஓடும்போது சக்‌ஷன் பைப்பில் உள்ள ஒவ்வொரு இணைப்புலயும் கெட்டியா கிரீஸை அப்புங்க. எந்த இடத்துல அப்பினதும் ஊளை குறையுதோ அதுதான் ஓட்டை. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் துண்டு வெடிச்சிருக்கும், இல்லை ஃபிளேஞ்ச் ஓ ரிங் தட்டையாகியிருக்கும். சக்‌ஷன் ஸ்டிரெய்னர் (ஆயிலை வடிகட்டற வலை) மூடியோட ஓ ரிங்கும் அதே குற்றவாளிதான். ஸ்டிரெய்னரை எடுத்து டீசல்ல கழுவி, காத்தை உள்ளிருந்து வெளியே அடிங்க. அடைச்ச ஸ்டிரெய்னர் இருந்தா பம்ப் இன்னும் பலமா உறிஞ்சும், சின்ன ஓட்டையும் பெருசாத் தெரியும்.

மேழி:

0.6 மி.மீ. என்றால் வலது புஷ் போய்விட்டது. மூடியை இறக்க வேண்டியதுதான். குதிப்புக்கும் அங்கேதான் மருந்து இருக்கிறது, அதனால் ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

தூக்கி நிறுத்திய நிலையில் உள்ளே எங்கோ ஆயில் நழுவுகிறது, ஆர்ம் சற்று இறங்குகிறது. ஆர்மை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல் அதை உணர்ந்து மீண்டும் ஒரு மடக்கு ஆயில் தருகிறது. அதுதான் அந்தக் குதிப்பு. இதில் வெளியே ஒரு சொட்டும் வராது, நழுவிய ஆயில் ஹவுசிங்குக்கே திரும்பிவிடும். ஆகவே இது ஒழுகலுக்குக் காரணம் அல்ல. நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்; 3 நொடி என்பது அதிகம்.

ஆயிலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடியுங்கள். சீட், லீவர் இணைப்புகள், பைப்கள், இரண்டு லிஃப்ட் ராட், டாப் லிங்க் எல்லாம் கழன்ற பின் மூடியைச் செயின் புல்லியால் நேர் மேலே தூக்குங்கள். கையால் தூக்கும் எடை இல்லை. சாய்த்து இழுத்தால் உள்ளே தொங்கும் கண்ட்ரோல் கம்பிகள் வளையும். போல்ட்களின் நீளம் வேறுவேறாக இருக்கும்; ஓர் அட்டையில் மூடியின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

மூடியைக் கவிழ்த்து வைத்த பின், சிலிண்டருக்கு ஆயில் வரும் துளையில் 3 பார் காற்றைக் கொடுங்கள். ஆர்ம் மேல் எல்லையில் முட்டி நிற்க வேண்டும், கை அருகில் இருக்கக் கூடாது. பிஸ்டன் ஓரத்தில் சீறினால் பிஸ்டன் ஓ ரிங். அங்கே அமைதியாக இருந்து வால்வு பக்கம் சீறினால் இறக்க வால்வின் இருக்கை. பிஸ்டனை எடுத்ததும் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் இருந்தால் ஹோன் பண்ணாமல் (சுவரைத் தேய்த்து வழவழப்பாக்காமல்) புது ஓ ரிங் போடுவது வீண். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் வரும் சிலிண்டர் இது. ஓ ரிங் மூடிய பக்கம், பேக்கப் திறந்த பக்கம்.

புஷ் மாற்ற ஷாஃப்டை உருவ வேண்டும். சில மாடல்களில் இரண்டு பக்கப் புஷ்ஷின் விட்டமும் வேறு, ஷாஃப்ட் ஒரு திசையில்தான் வெளியே வரும். அடிக்கும் முன் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். கிராங்கின் பூட்டுத் திருகை எடுக்க மறக்காதீர்கள். இடது புஷ் 0.15 இருந்தாலும் ஷாஃப்ட் வெளியே வந்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள். புது புஷ்ஷை அடிக்கும்போது அதன் ஆயில் துளை ஹவுசிங் துளைக்கு நேராக வர வேண்டும். அடித்த பின் துளை சற்றுச் சுருங்கும். ஷாஃப்ட் கையால் தள்ளி நுழையாவிட்டால் ரீமர் போட்டுத் துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும், சம்மட்டி வேண்டாம்.

நுகத்தடி22:

மூடி பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் சிலிகான் நல்லா அப்பி ஒட்டினா அப்புறம் அந்த இடம் ஒழுகவே ஒழுகாது. கூடவே கசிவு நிறுத்தற மருந்து ஒரு டப்பா ஊத்திட்டா மிச்ச சீலும் சரியாகிடும்.

மேழி:

சிலிகானில் நான் உடன்படவில்லை. அப்பியது வெளியே பிதுங்குகிற அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். ஆயிலில் ஊறி உதிர்ந்து நேராக ஸ்டிரெய்னரில் போய் ஒட்டும், பம்ப் பட்டினி கிடக்கும். மூடிக்கும் ஹவுசிங்குக்கும் இடையே சில வண்டிகளில் பிரஷர் துளையே போகிறது. அங்கே சிலிகான் இரண்டு நாள் தாங்காது. அந்தத் துளைக்குத் தனி ஓ ரிங் உண்டு, அதைப் புதிதாகப் போடுங்கள். அரை மி.மீ. பேப்பர் பேக்கிங், இரு முகமும் சுத்தம், ஆயில் பூசிய விரலால் ஒரு தடவல், இது போதும். முகத்தில் கீறல் இருந்தால் காற்றில்லாத இடத்தில் இறுகும் வகை ஒட்டுப் பசையை மெல்லியதாகத் தடவலாம்.

போல்ட் துளைகளைக் கவனியுங்கள். உள்ளே வரை ஊடுருவும் துளை என்றால் ஆயில் மரை வழியாக ஏறி வந்து போல்ட் தலையில் கசியும். பேக்கிங் போய்விட்டது என்று நினைத்து மறுபடி பிரிப்பீர்கள். அந்த போல்ட் மரைக்கு மட்டும் மரைப் பசை. அடி மூடிய துளை என்றால் அதற்குள் தேங்கிய ஆயிலைத் துணித்திரியால் உறிஞ்சி எடுங்கள். ஆயில் நிற்கும்போது போல்ட்டை இறுக்கினால் அது போக வழியின்றி வார்ப்பையே விரிசல் விட வைக்கும். 12 மி.மீ. சாதாரண 8.8 தர போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

கசிவு நிறுத்தும் மருந்து ரப்பரை உப்ப வைக்கிறது, அவ்வளவுதான். விறைத்துப் போன சீலில் சில வாரம் பலன் தெரியலாம். தேய்ந்த புஷ்ஷுக்கும் கீறிய ஷாஃப்டுக்கும் அது ஒன்றும் செய்யாது.

பழைய ஸ்பேனர்:

ஆயில் கேள்வி பாக்கி இருக்கு. கியர், லிஃப்ட் ரெண்டுக்கும் பொதுவான வண்டிக்குன்னே டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் வருது. கையேட்டுல சொன்ன தரத்தையே எடுங்க. ஆயிலுக்குள்ள முங்கின பிரேக் இருந்தா வேற எதையும் ஊத்தக் கூடாது, பிரேக் கிறீச்சிடும், வழுக்கவும் செய்யும். கெட்டியான 90 கியர் ஆயில் கியருக்கு நல்லதுதான், ஆனா உங்க மாதிரி தனிப் பம்ப் வெச்ச வண்டியில குளிர்ந்த காலையில பம்ப் அதை உறிஞ்சத் திணறும். அந்த ஊளையில அதுக்கும் பங்கு இருக்கலாம். இப்ப இருக்கிறது என்னன்னு தெரியாததால முழுசா வடிச்சுடுங்க. காந்த பிளக்ல வெறும் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தா இயல்பு, கையில உறுத்தற துண்டு இருந்தா எந்தப் பல் உடைஞ்சதுன்னு மூடி திறந்திருக்கும்போதே தேடுங்க. டீசல் ஊத்தி அலசினா மூலையில தேங்கறது புது ஆயிலை நீர்த்துப்போக வைக்கும், அது வேண்டாம்.

32 லிட்டர் முதல்ல ஊத்துங்க. சக்‌ஷன் பைப்பை மேல் முனையில கழட்டி அதுக்குள்ளேயும் ஆயிலை நிரப்பி மாட்டணும். கியர் பம்ப் வறண்டு சுத்தினா ஒரு நிமிஷத்துலயே உள்சுவர் கீறிடும். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிச்சு 10 நொடி ஸ்டார்ட்டர்ல சுத்துங்க, அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க. அரை நிமிஷத்துல லிஃப்ட் அசையலைன்னா நிறுத்திட்டு சக்‌ஷனைத் திரும்பப் பாருங்க. அசைஞ்சா எடை இல்லாம பத்துத் தடவை ஏத்தி இறக்குங்க, டிப்பர் ஸ்பூலையும் ஓட்டுங்க. அப்புறம் சமதளத்துல, ஆர்மும் டிப்பரும் முழுக்க இறங்கின நிலையில அளவு பார்த்து மிச்சத்தை ஊத்துங்க. டிப்பர் தூக்கி நிக்கும்போது அளவு பார்த்து நிரப்பினா, இறக்கினதும் ஆயில் கோட்டுக்கு மேல ஏறிப் பிடிஓ (பின்னால கருவியைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்) சீலையும் ஆக்ஸில் சீலையும் தேடிப் போகும்.

10 மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் ஸ்டிரெய்னரை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, பிரிச்சப்ப விழுந்த தூளெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும்.

வரப்போரம்:

சக்‌ஷன் ரப்பர் துண்டுல கிளாம்புக்கு அடியில ஒரு வெடிப்பு, கிரீஸ் அப்பினதும் ஊளை அடங்கிடுச்சு. மூடி இறக்க செயின் புல்லி ஏற்பாடு பண்ணிட்டேன். பிஸ்டன் ஓ ரிங்கை எந்த அளவுல வாங்கறது? பழசு தட்டையாகி அளக்க முடியாத மாதிரி இருந்தா?

மேழி:

பழையதை அளக்காதீர்கள். சிலிண்டர் விட்டத்திலிருந்து பிஸ்டனில் ஓ ரிங் உட்காரும் பள்ளத்தின் அடிவிட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். கிடைப்பது ஓ ரிங்குக்கான இடம். ஓ ரிங் தடிமன் அதைவிடச் சற்று அதிகமாக, நசுங்கல் 10 முதல் 15 சதவீதம் வரும்படி இருக்க வேண்டும். இடம் 4.6 மி.மீ. என்றால் 5.3 தடிமன் சரி. நசுங்கல் 13 சதவீதம் வரும். உள்விட்டம் பள்ளத்தின் அடிவிட்டத்தைவிட 2, 3 சதவீதம் குறைவாக எடுத்தால் இழுவிசையில் உட்கார்ந்துகொள்ளும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் தள்ளும்போது வாய் ஓரத்தில் கூர்மை இருந்தால் முதலில் எமரியால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புது ஓ ரிங் அங்கேயே சீவப்பட்டுவிடும்.